முள்ளாற்றங்குடி தோள்வார் ஆக்கிரமிப்பு வழக்கு

முள்ளாற்றங்குடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நிலம் தெரியும். நிலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதை யாரும் அதனிடம் எடுத்துச் சொன்னதில்லை. சொல்வதானால் மனுவாகத்தான் சொல்ல வேண்டும். மனு கொடுத்தால் சர்வே எண் கேட்பார்கள். அப்படிப்பட்ட அலுவலகத்தின் கையில் ஒரு கவுனின் தோள்நாடா போய்ச் சிக்கியதுதான் மேகலாவுக்கு வந்த வினை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து நாகூர் போகிற பேருந்துகள் நின்று, யோசித்து, கிளம்புகிற ஊர் அது. கடைத்தெருவில் 'மேகலா ரெடிமேட்ஸ்' நடத்திக்கொண்டிருந்தாள் மேகலா. புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் ஒரே பேச்சு.

"ஆடிக்குள்ள கடை சொந்தக் கால்ல நிக்கணும் மேகலா. நிக்கலன்னா சாவிய அம்மாகிட்ட குடுத்துரு."

அம்மாவிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது மேகலாவுக்குத் தெரியும். மாமியார் அந்த இடத்தை உரக்கடை வைக்கத் தன் தம்பி மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தம்பி மகன் வாரம் ஒரு முறை வந்து, துணி பார்ப்பதுபோல், யூரியா மூட்டை எங்கே அடுக்கலாம் என்று சுவரைப் பார்த்துவிட்டுப் போவான்.

ஆகவே மேகலா ஆடியை நம்பித் திருப்பூரிலிருந்து புதுச்சரக்கு இறக்கினாள். தஞ்சாவூரில் மூடிய ஒரு துணிக்கடையிலிருந்து தலையில்லாத பொம்மை ஒன்றை வாங்கி வந்து, ஷட்டருக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, எலுமிச்சை மஞ்சளில் ஒரு பருத்திக் கவுனை மாட்டினாள். கணுக்கால் வரை இறங்கும் கவுன். மார்பில் சுருக்கம், இடுப்பில் பை. தோளில் மட்டும் இரண்டே இரண்டு மெல்லிய நாடா. சித்திரை, வைகாசி வெயிலில் வெந்து போயிருந்த ஊருக்கு அந்த நாடாக்களைப் பார்த்தாலே காற்று வாங்கியதுபோல் இருந்தது. கல்லூரிப் பெண்கள் வந்தார்கள், தொட்டார்கள், "மேல ஒரு சட்ட போட்டுக்குவேன்க்கா" என்று யாரும் கேட்காத உத்தரவாதம் கொடுத்து வாங்கிப் போனார்கள்.

ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ரெத்தினம் தினமும் சாயங்காலம் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போவார். எப்போதும் போல வேட்டி, முண்டா பனியன், ஒரு தோளில் துண்டு. நான்கு தப்படி பின்னால் அவர் மனைவி கமலாம்பாள், காய்கறிப் பையுடன். ரெத்தினம் ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். மூன்றாம் நாள் கடைக்குள் வந்தார்.

"என்னம்மா இது?"

"கவுனுங்க."

"அது தெரியுது. தோள்ல என்ன?"

"நாடாங்க. கவுனு விழாம இருக்க."

"செருப்பு வாரு இதவிட அகலமா இருக்கேம்மா! குடும்பம் நடமாடுற தெரு. தினமும் வந்து நின்னு பாக்கறப்ப எனக்கு எப்படி இருக்கு தெரியுமா?"

"நிக்காம போனீங்கன்னா..."

"அது எப்படி நிக்காம போறது? சமூகப் பொறுப்புன்னு ஒண்ணு இல்ல?"

கமலாம்பாள் வெளியே நின்று பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது.

ரெத்தினம் வருடந்தவறாமல் ஜமாபந்திக்கு மனு கொடுக்கிறவர். கிராமக் கணக்குகளை முடிக்கத் தாலுகா அலுவலகத்தில் பந்தல் போட்டு நடத்தும் அந்தத் திருவிழாவில் அவர் மனு இல்லாவிட்டால் சாமி இல்லாத தேர் மாதிரி இருக்கும். இந்த வருடம் மனுவில் 'செருப்பு வாரினும் மெல்லிய தோள்வார்' என்று எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்த எழுத்தர் தவித்துப்போனார். பட்டா மாறுதல் இருந்தது, எல்லைத் தகராறு இருந்தது, முதியோர் உதவித்தொகை இருந்தது. தோள்வார் இல்லை. கடைசியில் 'ஆக்கிரமிப்பு' என்பதை அழுத்தினார். எதை ஆக்கிரமித்தது என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'பொதுமக்கள் பார்வையை' என்று அடித்தார். அது ஏற்றுக்கொண்டது.

ஜமாபந்தி மனு எதுவும் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது என்பது விதி. வாய்க்கால் ஆக்கிரமிப்பு மனுக்களுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் எப்போதும் தயாராக இருந்தது. தோள்வாருக்கு அப்படித் தயார் பதில் எதுவும் இல்லாததால் நடவடிக்கை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நேரில் பார்த்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுத கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கூடவே கிராம உதவியாளர் காத்தான்.

"ஆக்கிரமிப்பாளர் பேரு?" என்றார் அலுவலர், பேனாவைத் திறந்து.

"மேகலாங்க."

"நீங்க இல்லம்மா. தோள்வார் யார் தோள்ல இருக்கு?"

"அது பொம்மைங்க."

"பொம்மை. தகப்பனார் பேரு?"

மேகலா பக்கத்துக் கடை அப்துல் ஜலீலைப் பார்த்தாள். குடை, பூட்டு, டார்ச் லைட் விற்கிறவர். எதற்கும் பதில் வைத்திருப்பவர்.

"பிளாஸ்டிக்குன்னு போடுங்க சார்" என்றார் ஜலீல்.

அலுவலர் போட்டார். 'பொம்மை, த/பெ பிளாஸ்டிக். நிறம் வெள்ளை. தலை இல்லை. விசாரித்ததில் பதில் கூறவில்லை.' நான்கெல்லை எழுதினார். வடக்கே கழுத்து, கிழக்கே வலது கை, மேற்கே இடது கை. தெற்கே என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. காதெல்லாம் சிவந்துபோய், 'தெற்கே சர்க்கார் புறம்போக்கு' என்று முடித்துக்கொண்டார்.

"இப்பவே நாடாவ மாத்திடறேங்க" என்றாள் மேகலா. "அகலமா ஒண்ணு தச்சு வெச்சுடறேன். பிரச்சினை தீந்துரும்."

அலுவலர் பதறிப்போனார். "தொடாதீங்க! விசாரணை முடியிற வரைக்கும் நிலைமைய மாத்தக் கூடாது. அதான் சட்டம். கவுனு அப்படியேதான் இருக்கணும். உள்ளேருந்து கை வெச்சுறக் கூடாதுன்னு ஷட்டருக்கு சீல் வெக்கிறோம்."

அரக்கு உருக்கி, நூல் கட்டி, ஷட்டருக்கு சீல் வைத்தார்கள். உள்ளே ஆடிச் சரக்கு முழுவதும் பூட்டிக்கொண்டது. வெளியே கண்ணாடிக்குள் பொம்மை அதே கவுனுடன் தெருவைப் பார்த்து நின்றது. அதை யாரும் மறைத்துவிடாமல், மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள, காத்தானுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். இப்படியாக, அந்தத் தாலுகாவிலேயே அரசுக் காவல் போட்டுப் பாதுகாக்கப்பட்ட ஒரே தோள்நாடா என்ற பெருமை அதற்கு வந்தது. ரெத்தினம் வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா இது, எடுக்கச் சொன்னா காவல் போட்டிருக்கீங்க!" என்றார்.

"எடுக்கறதா இருந்தாலும் முதல்ல இருக்கணும் இல்லீங்களா ஐயா" என்றார் காத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் புருஷன், "யாவாரம் எப்படி?" என்றான். "ஊரே கடைய பாக்குது" என்றாள் மேகலா. பொய்யில்லை.

மறுநாளே நில அளவர் வந்தார். செய்தி கேட்டு விவசாயி ரெங்கசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய பாசன வாய்க்காலைப் பாதி வளைத்துப் போட்டுவிட்டார்கள். மேட்டூர் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அளக்கச் சொல்லிப் பல ஜமாபந்தியாக மனு கொடுத்து வருகிறார்.

"சார், நீங்க லீவுல இருக்கீங்கன்னு சொன்னாங்களே!"

"இது அவசரம்யா" என்றார் நில அளவர், டேப்பைப் பிரித்துக்கொண்டே. "பண்பாட்டு விஷயம்."

ஜலீல் ரெங்கசாமியின் தோளைத் தட்டினார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. மேகலா கடை தொறந்ததும் ஒரு கவுனு வாங்கிட்டுப் போய் வாய்க்கா கரையில கம்பு நட்டு மாட்டுங்க. சாயங்காலமே அளந்துருவாரு."

நில அளவர் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே அளந்தார். வலது வாரை அளந்தார், இடது வாரை அளந்தார். மரபுப்படி ஹெக்டேர், ஏர் கணக்கில் பரப்பு போட்டார். போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போட்டார். பூஜ்யம்தான் வந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மேகலா.

"ஆவணப்படி இங்க நாடா இல்லம்மா."

"கண்ணுக்குத் தெரியுதே சார்."

"கண்ணு வேற, ஆவணம் வேற."

விசாரணை தாலுகா அலுவலகத்தில் நடந்தது. மின்சாரம் போயிருந்தது. தாசில்தார் சூர்யபிரகாஷ் வெள்ளைச் சட்டை நனைய நனைய உட்கார்ந்திருந்தார். மேகலாவோடு துணைக்கு ஜலீல் வந்திருந்தார். எதிர்ப்பக்கம் ரெத்தினம், விசேஷமாக மேலே துண்டு போர்த்திக்கொண்டு.

தாசில்தார் தொண்டையைச் செருமினார். "அம்மா, இது சாதாரண நாற்காலி இல்ல. வெள்ளக்காரன் காலத்துலேருந்து, எது எங்க ஆரம்பிக்குது, எது எங்க முடியுதுன்னு இந்த நாற்காலிதான் சொல்லுது. நான் சர்வீஸ்ல சேந்த நாள்லேருந்து பெண்களோட தோள உன்னிப்பா கவனிச்சிட்டு வர்றேன். பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, எங்க போனாலும் இந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. பைல் பாக்க நேரமில்லாம பாத்திருக்கேன். இவ்வளவு பொறுப்பா பாக்கற எனக்கே மனசு கலங்குதுன்னா, பொறுப்பில்லாம பாக்கறவன் கதி என்ன ஆகும்?"

ரெத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேகலா தாசில்தாரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் ஒட்டிய வெள்ளைச் சட்டைக்குள் இரண்டு மெல்லிய பட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஜலீல், "கேட்டா மட்டும் பேசு தங்கச்சி" என்று முணுமுணுத்தார். யாரும் கேட்கவில்லை.

நில அளவர் பூஜ்யத்தைச் சமர்ப்பித்தார். தாசில்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கணக்குல இல்லாததுதான்யா கண்ணுல அதிகமா இருக்கு! குறைஞ்சபட்ச அகலம் என்னன்னு அரசாணை ஏதாவது இருக்கா?"

தோளுக்கு அரசாணை இல்லை. அலமாரி முழுவதும் தேடியதில் வரப்புக்கு இருந்தது. நடை வரப்பு என்றால் ஒரு ஆள் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்கிற அகலம் வேண்டும். ரெண்டுமே ரெண்டு பக்கத்தைப் பிரித்துக்காட்டுகிற விஷயம்தானே என்று அதையே எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தர் உத்தரவை வாசித்தார். "இவ்வட்டத்தில் எந்தப் பெண்ணும்..."

"நிறுத்துய்யா!" என்றார் தாசில்தார். "அரசு ஆவணத்துல பெண்ணையும் தோளையும் ஒரே வரியில எழுதுவியா? நாளைக்குப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? நாகரிகமா 'நபர்'னு போடு."

நாகரிகமாகப் போட்டார்கள். 'இவ்வட்ட எல்லைக்குள் எந்த நபரும், ஆளாயினும் உருவமாயினும், நடை வரப்பின் அகலத்துக்குக் குறைந்த தோள்வாருடன் பொதுப் பார்வையில் தென்படலாகாது. மேற்படி பொம்மை இதற்கு இணங்கும் வரை கடையின் சீல் தொடரும். சீல் தொடரும் வரை பொம்மையின் நிலையை மாற்றலாகாது.' கடைசி இரண்டு வாக்கியமும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கையெழுத்தின் பாதுகாப்பில் இருந்தன.

மேகலா இரண்டு முறை படித்தாள். "அப்ப கடைய எப்பங்க தொறக்கறது?"

"பொம்மை மாறினதும்."

"பொம்மைய எப்பங்க மாத்தறது?"

"கடைய தொறந்ததும். அவ்வளவு சுலபமா எழுதியிருக்கோம், இதுகூடவா புரியல?"

மாமியாரின் தம்பி மகன் அன்றைக்கே இன்ச் டேப்புடன் வந்து, சீல் வைத்த ஷட்டரை வெளியிலிருந்து அளந்துகொண்டு போனான்.

ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்க உத்தரவை அறிவித்தார்கள். காத்தான் வரப்பகலத்துக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டி வாங்கிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் பொம்மைக்கு எதிரே ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தபோது, எப்போதும் போல வேட்டி, முண்டா பனியன், தோளில் துண்டுமாக ரெத்தினம் வந்தார். வெற்றி பெற்றவரின் நடை. துண்டை எடுத்து உதறினார். காத்தான் எழுந்தார்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க." குச்சியைத் தோளில் வைத்தார். பனியன் பட்டி குச்சியில் கால்வாசிகூட இல்லை.

"யோவ் காத்தான்! நான் ஆம்பள!"

"உத்தரவுல 'நபர்'னு இருக்குங்க. நீங்க நபர் இல்லீங்களா?"

இல்லை என்று சொல்ல ரெத்தினத்துக்கு மனம் வரவில்லை. "சரி, சட்டய போட்டுக்கிட்டு வந்துடறேன்" என்று திரும்பினார். அதற்குள் கிராம நிர்வாக அலுவலர் வந்துவிட்டார்.

"நிலைமைய மாத்தக் கூடாதுங்க. விசாரணை முடியிற வரைக்கும் பனியன கழட்டவோ, மேல சட்ட போடவோ, துண்டு போத்தவோ கூடாது."

மகஜர் எழுதினார்கள். 'ரெத்தினம். நிறம் மாநிறம். தலை உண்டு. விசாரித்ததில் தகாத வார்த்தை கூறினார்.' காத்தான் ஒருவரே இரண்டு இடத்தில் காவல் இருக்க முடியாது என்பதால், ரெத்தினத்தைப் பொம்மைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கமலாம்பாள் தூக்குச் சட்டியில் மோர்ச்சோறு கொண்டு வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பொம்மையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்காச்சும் காத்து வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் தாலுகா அலுவலக வாசலில் நிற்க இடமில்லை. டீ மாஸ்டர், லாரி கிளீனர், நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ரெங்கசாமி, எல்லாரும் பனியனோடு பிடிபட்டு, பனியனை மாற்ற முடியாமல், பனியனோடு நின்றார்கள். சட்டை போட்டுவிடலாம் என்றால் நிலைமை மாறிவிடும். வீட்டுக்குப் போகலாம் என்றால் போகிற வழியெல்லாம் பொதுப் பார்வை.

"முதல் நபர்?" என்றார் தாசில்தார். ரெத்தினம் வந்து நின்றார். பனியன் பழுப்பேறியிருந்தது.

"ஐயா, நான் மனுதாரர்!"

"அதனாலதான் முதல்ல கூப்பிட்டேன். மரியாத. நீங்களே இப்படிச் செஞ்சா என்ன அர்த்தம்? பண்பாட்ட யார் காப்பாத்தறது?"

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து மேகலா முன்னால் வந்தாள். ஜலீல் இந்த முறை தடுக்கவில்லை. தானும் பனியனில் நின்றதால் பின்வரிசையில் இருந்தார்.

"சார், ஒரு சந்தேகங்க. உத்தரவுல 'தென்படலாகாது'ன்னுதானே இருக்கு? சட்டைக்குள்ளேருந்து தென்பட்டா எப்படிங்க?"

"எங்க தென்படுது?"

"உங்க தோள்லதாங்க."

அன்றைக்கும் மின்சாரம் இல்லை, வெள்ளைச் சட்டை நனைந்துதான் இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பொறுப்பாகப் பார்த்தார்கள். தாசில்தார் மெல்ல ஒரு பைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். காத்தான் பழக்க தோஷத்தில் குச்சியோடு ஓரடி முன்னால் வந்து, பிறகு யோசித்து, உத்தரவுக்காக நின்றார்.

"மகஜருங்களா ஐயா?"

"சர்வேயர்!" என்றார் தாசில்தார். "அன்னிக்கு ஒரு கணக்கு சொன்னீரே, அத மறுபடி சொல்லும்!"

"பூஜ்யங்க ஐயா."

"பனியனுக்கு?"

"அதுவும் பூஜ்யந்தாங்க. ஒரு ஏருக்குக் கீழ இருக்கறது எதுவும் கணக்குல வராது."

தாசில்தார் நிமிர்ந்தார். குரலில் பழைய கம்பீரம் வந்தது. "இந்த அலுவலகம் ஆவணத்த மட்டுமே நம்பும். கண்ணால பாக்கறத நம்பறதுக்கு நாம என்ன பாமரனுங்களா? எழுதுய்யா."

எழுதினார்கள். 'நில அளவையின்படி இவ்வட்டத்தில் தோள்வார் என்று எதுவும் இல்லை. இல்லாத ஒன்றால் ஆக்கிரமிப்பு நிகழாது. மேற்படி ஆடை எவ்வித ஆதாரமும் இன்றித் தானாகவே நிற்பதாகத் தெரியவருகிறது. அதில் இத்துறைக்கு ஆட்சேபணை இல்லை. கோப்பு முடிக்கப்பட்டது.'

அன்று மதியமே சீலை உடைத்தார்கள். ஊருக்குள் செய்தி பரவி, சாயங்காலத்துக்குள் கல்லூரிப் பெண்கள் பேருந்திலிருந்து நேராக இறங்கி வந்தார்கள். "அக்கா, அந்த கவர்மெண்டு கவுனு இருக்கா?" மேல ஒரு சட்டை போட்டுக்குவேன் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. ரெங்கசாமியும் ஒன்று கேட்டார், பெரிய சைஸாக, தூரத்திலிருந்து தெரிகிற நிறத்தில். மறுநாள் நில அளவர் டேப்போடு வாய்க்கால் பக்கம் போனதாக ஜலீல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் போன் செய்தான். "ஆடி பொறக்கப் போவுது. கடை நிக்குமா?"

மேகலா சுவரில் மாட்டியிருந்த உத்தரவைப் பார்த்தாள். "எந்த ஆதாரமும் இல்லாம தானாவே நிக்குதாம். தாசில்தார் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு. அத்தைகிட்டயும் படிச்சுக் காட்டிட்டேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கமலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். காய்கறிப் பை இல்லை. முன்னால் யாரும் போகவில்லை.

"அந்த பொம்ம போட்டிருக்கறது எனக்குப் பத்துமா?"

"அளவெல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா அது கண்ணாடிக்குள்ள இருந்து வெயில் பட்டது. புதுசா எடுத்துத் தர்றேன்."

"வேணாம். அதான் வேணும். கவர்மெண்டே காவல் காத்த துணி, கெட்டியாத்தான் இருக்கும்."

மேகலா கவுனைக் கழற்றிக்கொண்டே தயங்கினாள். "ஐயா ஏதாவது சொல்லுவாருங்களே... நாடா..."

"என்ன நாடா?" என்றாள் கமலாம்பாள். "அதான் இல்லேன்னு எழுதிட்டாங்களே."

மறுநாள் காலை மேகலா கடை திறக்க வரும் வழியில் ரெத்தினம் வீட்டைக் கடந்தாள். கமலாம்பாள் எலுமிச்சை மஞ்சள் கவுனில் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே, கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில், ரெத்தினம் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். எதிரே காத்தான் சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பார்த்தார்.

ஆவணப்படி அங்கே ஒன்றும் இல்லை. மணி அடித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.